குளத்தூரில் ஒரு பெரிய வட்டம்

திருக்கோகர்ணத்தில் ஒரு தனியார் சுவடிச் சேகரிப்பில் எனக்கு டைப் அடிக்கிற வேலை. ஓலைச்சுவடி, கையெழுத்து நோட்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை இருக்கும். அதிலுள்ள தலைப்பு, பக்கம், ஊர் எல்லாவற்றையும் கணினியில் ஏற்ற வேண்டும். பெரும்பாலான அட்டைகளில் ஊர் காலியாகவே இருந்தது. எனக்கோ அலுப்பு. முதல் அட்டையில் குளத்தூர் என்றிருந்ததால் ஷீட்டில் அதையே கீழே வரைக்கும் இழுத்துவிட்டேன். ஒரே இழுப்பில் அத்தனை கட்டங்களும் நிரம்பின. பெரிய கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஊர்ப்பெயர் அந்த அட்டைகள் இருந்த பெட்டியின் மூடியில் எழுதியிருந்தது. ஓர் ஊருக்கு ஒரு பெட்டி. அட்டைக்கு அட்டை எழுதுவானேன் என்று எனக்கு முன்பிருந்தவர் விட்டிருக்கிறார். நான் அந்த மூடிகளைக் கவிழ்த்துப் போட்டு, மேலே டீ கிளாஸ் வைத்துக்கொண்டிருந்தேன்.

அட்டவணை இணையத்தில் ஏறியது, கூடவே ஒரு வரைபடமும். எந்த ஊரில் எத்தனை இருக்கிறதோ அந்த அளவுக்கு வட்டம். குளத்தூரில் தாம்பாளம் மாதிரி ஒன்று உட்கார்ந்திருந்தது. கடற்கரைப் பக்கம் ஒரு புள்ளிகூட இல்லை. எந்தச் சுவடிகளைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து ஏற்றுவது என்று அந்த வரைபடத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்தோம்.

"குளத்தூர்லதான் குமிஞ்சு கெடக்கே, நாலஞ்சு எடுத்தாப் போதும்மா" என்றார் நிர்வாகி. நானும் தலையாட்டினேன். மிச்சம் பின்னறைக்குப் போனது. இரண்டு மழைக்காலம் அந்தக் கூரை ஒழுகியது. கூழாகிப் போனவற்றைக் குப்பை வண்டியில் ஏற்றினோம். குளத்தூர் சரக்குதானே என்று நான் பெரிதாக வருத்தப்படவும் இல்லை.

போன வருடம் கட்டுமாவடியிலிருந்து ஒருவர் வந்தார். அறுபது வயதிருக்கும். தலையில் வெள்ளைத் தொப்பி, கையில் செல்போன், அதில் எங்கள் வரைபடம்.

"எங்க அத்தா எழுதுன நோட்டுங்க. கடலுக்குப் போயித் திரும்பாதவங்க பேரு, முப்பத்திநாலு பேரு. வருசா வருசம் அதை வாசிச்சுத்தான் அவங்களுக்காகப் பாத்தியா ஓதுவோம். உப்புக்காத்துல வீணாப் போகுதேன்னு உங்க ஆளுங்ககிட்டக் குடுத்தோம். கம்ப்யூட்டர்ல ஏத்திருவோம்னாங்க. அத்தா இருந்தவரைக்கும் மனப்பாடமாச் சொன்னாரு. இப்ப அவரும் இல்ல. இதுல எங்க ஊருப் பக்கம் ஒண்ணையும் காணோமே?"

தலைப்பைக் கேட்டு, அவர் அப்பாவின் நோட்டைத் தேடினேன். உடனே வந்துவிட்டது. கடலில் போனவர் பேர்வரிசை. பதினாறு பக்கம். ஊர் குளத்தூர். படம் இல்லை.

குளத்தூரில் ஏது கடல்? அந்தத் தலைப்பை அடித்தவளும் நான்தான். அன்றைக்கு அந்தக் கேள்வி எனக்கு வரவில்லை.

மறைக்கத் தைரியம் இல்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். மூடி, டீ கிளாஸ், மழை, குப்பை வண்டி. கத்துவார் என்று காத்திருந்தேன். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு பெயராகச் சொல்ல ஆரம்பித்தார். நான் ஒரு பேப்பரை இழுத்து எழுதினேன். ஏழாவது பெயரில் நின்றார். மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். அப்போதும் ஏழுதான்.

"வர்ற மாசம் ஓதணும்" என்றார். எழுந்தார். "ஊரு பேரையாச்சும் மாத்திருங்கம்மா."

மாற்றினேன். கட்டுமாவடியில், கரையை ஒட்டி, கடுகளவு புள்ளி ஒன்று வந்தது. அவர் தன் செல்போனைக் கண்ணருகே கொண்டுபோய் அதை விரலால் தொட்டார். படம் இல்லை என்று வந்தது. மறுபடியும் தொட்டார்.