வெந்நீர் அடுப்புக்குப் போன அட்டை

இதைச் சொல்லும்போதே எனக்கு இன்னும் எரிச்சலாக வருகிறது.

எங்கள் வீட்டு அலமாரியில் என் மாமனார் கொடுத்த பழைய கதைப் புத்தகம் ஒன்று இருந்தது. முதல் பதிப்பு. நான் செல்போனில் அனுப்பிய போட்டோவைப் பார்த்த மார்த்தாண்டத்துக்காரர் ஒருவர், நல்ல விலைக்கு எடுத்துக்கொள்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றார். நான் சும்மா இருந்தேனா? மாட்டை விற்பதென்றாலே குளிப்பாட்டி, கொம்புக்கு எண்ணெய் தடவி நிறுத்துகிற ஊர் எங்களுடையது. கிழிந்த அட்டையோடு எப்படிக் காட்டுவது? நாகர்கோவிலில் கொடுத்து, ஓரமெல்லாம் வெட்டி, சிவப்பு ரெக்சினில் பைண்டிங் போட்டு வாங்கி வந்தேன். பழைய அட்டை வெந்நீர் அடுப்புக்குப் போனது.

புத்தகத்தைக் கையில் வாங்கியதும் வந்தவரின் முகம் கறுத்துவிட்டது. "பழைய அட்டை எங்க?"

"எரிச்சாச்சு. பைண்டிங் செலவு என்னோடது, நீங்க தரண்டாம்" என்றேன் பெருமையாக.

"நான் வந்ததே அந்த அட்டைக்குத்தான் சார். அதுல இருந்த படம் வேற எந்தப் பதிப்புலயும் கிடையாது. உங்கள யாரு இதச் செய்யச் சொன்னா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "என் வீட்டுப் பொஸ்தகம், நான் என்னவும் செய்வேன். வெளிய போவும்!" என்று கத்தினேன். காப்பியைக்கூடத் தொடாமல் போய்விட்டார்.

டம்ளரை எடுக்க வந்த என் மனைவி சொன்னாள்: "அவர்ட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுச் செய்யுங்கன்னு நான் அன்னைக்கே சொன்னேம்லா? அப்பமும் இப்படித்தான் கத்துனிய."

புத்தகம் இன்னும் அலமாரியில் சிவப்பாக மினுங்கிக்கொண்டு நிற்கிறது. பார்க்கும்போதெல்லாம் அதே கோபம் வருகிறது. இப்போது யாரை வெளியே போகச் சொல்ல?