ரேஷன் கார்டில் நாலாவது வரி

இன்று புரட்டாசி சனிக்கிழமை என்பதை எனக்குச் சொன்னது என் செல்போன். திலக் நகரில் எங்கள் கட்டடத்துக்காரர்கள் போனில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். தண்ணீர் வராது, லிஃப்ட் ஓடாது என்ற செய்திகளுக்கு நடுவே யாரோ ஒரு புண்ணியவதி ஒரு கோவிந்தா பாட்டை அனுப்பியிருந்தாள். அதை எப்படி நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. அரிசி களைந்துகொண்டிருந்த ஈரக்கையால் தொட்டேன்; இன்னும் சத்தமாகப் பாடியது. கடைசியில் துண்டைப் போட்டு மூடினேன். துண்டுக்கு அடியிலிருந்தும் பெருமாள் விடுவதாக இல்லை.

பள்ளிக்கூடப் புத்தகத்தில் இலையுதிர்காலம் என்று ஒன்று படித்த ஞாபகம். நான் படித்ததே ஏழாவது வரைக்கும்தான். மீதியை ரயிலில் பக்கத்து ஆள் விரிக்கிற பேப்பரில் படித்தேன். பம்பாயில் இலை எங்கே உதிர்கிறது? மழை நிற்கும், லீவில் போயிருந்த சூரியன் திரும்பி வந்து மூன்று மாத வேலையை ஒரே வாரத்தில் முடிக்கப் பார்ப்பான். அதற்கு எங்கள் பாஷையில் பெயரே 'அக்டோபர்' தான். "அக்டோபர் அடிக்கு, தலையில துணி போட்டுட்டுப் போ" என்பாள் அம்மா. தாராவியில் அந்த வெயிலுக்கு எல்லாம் வெளியே வரும். ஊறிப்போன தலையணை, பூஞ்சை பிடித்த செருப்பு, கல்யாணப் பட்டு. கூடவே தோல் ஷெட்டுகளிலிருந்து அந்த வாசனையும் எழும்பும். எங்கள் சந்தில் யாரும் அதை நாற்றம் என்று சொன்னதில்லை. விருந்தாளிகள்தான் சொல்வார்கள், அதனால்தானோ என்னவோ விருந்தாளிகள் அதிகம் வருவதில்லை.

அந்த நாட்களில்தான் நவராத்திரிப் பந்தலும் போடுவார்கள். தகரக் குழாய் ஸ்பீக்கரில் காலையிலிருந்தே இந்திப் பாட்டு. அதற்கு நடுவில் ஒரு சனிக்கிழமை எங்கள் அப்பா நெற்றியில் நாமம் போட்டு, நாமம் போட்ட செம்பைக் கையில் ஏந்தி, செருப்பில்லாமல் சந்தில் இறங்குவார். எங்களுக்குக் குலதெய்வம் பெருமாள். வீட்டில் நூறு மூட்டை இருந்தாலும் அன்றைக்குப் பொங்குகிற அரிசி பிச்சை எடுத்த அரிசியாக இருக்க வேண்டும் என்பது திருநெல்வேலியிலிருந்து கூடவே வந்த வழக்கம். அப்பா ஒரு அடி பாடுவார், அம்மாவும் நானும் "கோவிந்தோ" என்று எடுப்போம், தங்கச்சி கோமதி ஜால்ரா அடிப்பாள். தாளம் எல்லாம் பந்தல் ஸ்பீக்கர் பாட்டுக்குத்தான் விழும். அப்பா திரும்பி முறைப்பார். அவள் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு இன்னும் வேகமாக அடிப்பாள்.

"பிச்சை எடுக்கத் தெரிஞ்சவனுக்குத்தான் போடத் தெரியும்" என்பார் அப்பா. இப்படி எதற்கும் ஒன்று வைத்திருப்பார். குர்லாவில் ஒரு பட்டறையில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தார். இரும்புச் சாமான் பெட்டிகளில் இருந்த எழுத்தைப் பார்த்துப் பார்த்தே இங்கிலீஷ் கற்றுக்கொண்டவர். அந்தச் சந்துக்கே பாரம் எழுதித் தருகிறவர் அவர்தான். ரேஷன் கார்டு, பள்ளிக்கூட அட்மிஷன், ஓட்டர் லிஸ்டில் பெயர், எல்லாம் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசலில்தான் நடக்கும். யாராவது இல்லாத மாமியாரை இருப்பதாக எழுதச் சொன்னால் பேனாவை மூடிவிடுவார். "சர்க்கார் காயிதத்துல பொய் எழுதுனா கை அழுகிரும். எனக்கு இந்தக் கையி பட்டறைக்கு வேணும்."

அறுபதுகளின் நடுவில் அரிசிக்கு வந்த பஞ்சத்தை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். கார்டில் இருக்கிற தலைக்குத்தான் அரிசி, அதுவும் கைப்பிடி. பிள்ளைகளுக்கு அதில் பாதி. மற்றபடிக்குக் கப்பலில் வந்த சிவப்புச் சோளம். அதை எப்படி வேகவைத்தாலும் அது வேகவில்லை என்றே சொல்லும். எங்கள் கார்டில் நாலு வரி: அப்பா, அம்மா, நான், கோமதி.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எனக்குப் பழமொழிகள் என்றால் உயிர். ஆனால் நம்பிவிடக் கூடாது. எங்கள் வீட்டில் வாயுள்ள பிள்ளை கோமதிதான். தண்ணீர்க்காரனிடம் மராத்தி, பால்காரனிடம் இந்தி, பூனையிடம் அம்மா குரல். அந்த வருஷம் ஆடி மழையில் அவளுக்குத் தொண்டை அடைப்பான் வந்தது. மூன்று நாள் பேச்சில்லை. நாலாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து அப்பா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். தூங்குகிற பிள்ளையைத் தூக்கிவருவது போலத்தான் இருந்தது. அவளுக்கு ஆறு வயது, எனக்குப் பதிமூன்று.

முனிசிபாலிடியில் சாவைப் பதிந்து ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். அதை ரேஷன் ஆபீசில் காட்டிக் கார்டில் பெயரை அடிக்க வேண்டும். ஊருக்கெல்லாம் அதைச் சொல்லிக்கொடுத்தவர் அப்பாதான். சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றவரிடம் அம்மா சொன்னாள்: "பேர அடிக்காதிய. ஒரு இடத்துலயாவது இருக்கட்டும்."

அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

அந்த வாரம் ரேஷன் கடைக்குப் போனது நான்தான். எப்போதும் கோமதி கூட வருவாள், கடைக்காரர் தராசில் கை வைப்பாள், திட்டு வாங்குவாள். "சோட்டி கிதர் ஹை?" என்று சின்னவளைக் கேட்டார் அவர். "ஸ்கூல் கயி", பள்ளிக்கூடம் போயிருக்கிறாள் என்றேன். யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொல்லிற்று. அவர் நாலு பேருக்கும் அளந்து போட்டார். அப்பா பொய் எழுதவில்லை, எழுத வேண்டியதை எழுதவில்லை, அவ்வளவுதான். அம்மா கடைப்பக்கமே வரவில்லை. வீட்டில் பொய் சொன்னவள் என்று பார்த்தால் நான் ஒருத்திதான்.

அரிசியைக் கொண்டுவந்து கொடுத்ததும் அம்மா கண்ணளவில் கோமதியின் பங்கைப் பிரித்து ஒரு வனஸ்பதி டப்பாவில் கொட்டி மூடினாள். சமைக்கவில்லை. அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரமும். அப்பா அந்தப் பக்கம் பார்க்காமல் சோளக்களியைத் தின்றுவிட்டுப் போவார். எனக்கு அப்படி முடியாது. டப்பாவைப் பார்த்துக்கொண்டேதான் தின்பேன்.

ஈரத்தில் அந்த அரிசிக்கு வண்டு வந்துவிட்டது. அக்டோபர் வெயில் அடித்ததும் அம்மா வாசலில் சேலையை விரித்து அதைக் காயப்போட்டாள். நினைத்துப்பாருங்கள், சந்து முழுக்கச் சோளம் தின்கிற காலத்தில் ஒரு வாசலில் வெள்ளை வெளேரென்று அரிசி. தாண்டிப் போகிறவர்கள் எல்லாரும் ஒரு நிமிஷம் நின்று போனார்கள். அது எந்த அரிசி என்று யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எதிர்வீட்டு இசக்கி அத்தைக்கு அப்போது கைக்குழந்தை. அதன் பெயரைக் கார்டில் ஏற்றுவதற்கு அப்பாதான் பாரம் எழுதிக் கொடுத்திருந்தார். மாதக்கணக்கில் ஏறவில்லை. மறுநாள் காலை குழாயடியில் அம்மா குடத்தை வைத்ததும் அவள் சொன்னாள்:

"மதினி, ஒங்க வீட்டுல செத்த பிள்ளைக்கு அரிசி வருது. எங்க வீட்டுல உசுரோட இருக்கதுக்கு வரமாட்டேங்கு. அதுக்கு எந்தப் பாரத்துல எழுதணும்னு அண்ணாச்சிட்ட கேட்டுச் சொல்லுங்க."

குழாயடியில் பத்துப் பேர் இருந்தார்கள். அம்மா அரைக்குடத்தோடு திரும்பி வந்துவிட்டாள்.

சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்பும்வரை நல்ல நாள் கிடையாது. அதனால் அந்தப் புரட்டாசியில் நாங்கள் செம்பு எடுக்கவில்லை. பந்தல்காரர்கள் எங்கள் சுவரிலேயே ஸ்பீக்கரைக் கட்டியிருந்தார்கள். கொஞ்சம் திருப்பிக் கட்டச் சொல்லியிருக்கலாம், அப்பா சொல்லவில்லை. சனிக்கிழமை காலை அந்தச் சத்தத்துக்குள்ளே வாசலில் ஒரு மெல்லிய "கோவிந்தா" கேட்டது. இசக்கி அத்தை நின்றாள். இடுப்பில் பிள்ளை, கையில் செம்பு, நெற்றியில் கோணல் நாமம். அவளுக்குக் குலதெய்வம் சுடலை. பெருமாளுக்குச் செம்பு ஏந்தி அதுவரை நாங்கள் பார்த்ததில்லை.

அம்மா உள்ளே போய் டப்பாவை எடுத்து வந்தாள். செம்பில் சாய்த்தாள். செம்பு நிறைந்தது. அம்மா நிறுத்தவில்லை. அத்தை முந்தானையை விரித்துப் பிடித்தாள்.

"இது எந்த அரிசின்னு தெரியும்லா?"

"தெரிஞ்சுதான் மதினி வந்து நிக்கேன். எனக்கு வேற எப்படிக் கேக்கதுன்னு தெரியல."

"பிள்ளைக்குக் கொழையப் பொங்கிக் குடு" என்றாள் அம்மா.

அத்தை கேட்க வந்தது அரிசியையா, மன்னிப்பையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த ஒரு நாளில் மட்டும் கேட்பது கேவலமில்லை, இல்லை என்று சொல்வதுதான் கேவலம். அவளுக்கு அது தெரிந்திருந்தது. நான் என்ன நினைத்தேன் என்று சொல்லாமல் விட்டால் கட்டுரை அழகாக இருக்கும். ஆனால் இரண்டு மாதமாக அந்த டப்பாவைப் பார்த்துச் சோளம் தின்றவள் நான். அரிசி முந்தானையில் விழுந்தபோது எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

திங்கட்கிழமை அப்பா பட்டறைக்கு லீவு போட்டார். என்னையும் கூட்டிக்கொண்டு ரேஷன் ஆபீசுக்குப் போனார். கிளார்க் முனிசிபாலிடிச் சீட்டின் தேதியைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். ஏன் தாமதம் என்று கேட்பார், அபராதம் போடுவார், கார்டையே பிடுங்குவார் என்றெல்லாம் நினைத்துக்கொண்டு நின்றோம். அவர் சிவப்பு மைப் பேனாவை எடுத்து நாலாவது வரியில் ஒரு கோடு போட்டு, முத்திரை குத்தி நீட்டினார். "சலோ, தூஸ்ரா" என்று பின்னால் நின்ற ஆளைக் கூப்பிட்டார்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. கார்டை வாங்கி வெகுநேரம் அந்தக் கோட்டையே பார்த்தாள். "சிவப்புலயா அடிச்சான்?" என்று மட்டும் கேட்டாள்.

அதற்குப் பிறகு அப்பா யாருக்கும் பாரம் எழுதவில்லை. வந்தவர்களிடம் கண் சரியில்லை என்றார். "பொய் எழுதாதவன்னு நாலு பேரு சொன்னாங்க. அதையும் சேத்து அடிச்சாச்சு" என்றார் அம்மாவிடம். சந்துக்காரர்கள் தாதரில் யாரோ ஒரு ஆளிடம் காசு கொடுத்து எழுதிக்கொள்ள ஆரம்பித்தார்கள். இசக்கி அத்தை பிள்ளைக்குக் கார்த்திகையில் பெயர் ஏறியது. அது பிழைத்தது. இப்போது காட்கோபரில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறது. அதற்கு ஒன்றும் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

சில வருஷம் கழித்துப் பழைய கார்டை வாங்கிக்கொண்டு புதிது கொடுத்தார்கள். அப்பா வரிசையில் நின்று வாங்கி வந்தார். அம்மா விரலால் வரிகளைத் தொட்டு எண்ணினாள்.

"மூணுதான் இருக்கு."

"மூணு பேருதான."

"பழசு எங்க?"

"வாங்கிக்கிட்டாங்க."

அம்மா இன்னொரு தடவை எண்ணினாள். பிறகு சொன்னாள்: "அடிச்ச பேராவது இருந்துச்சு."

மறுநாள் அவள் தனியாக அந்த ஆபீசுக்குப் போனாள். ரேஷன் கடையைத் தாண்டித் தனியே போகாதவள், இந்தியில் நாலு வார்த்தை சேர்த்துப் பேசத் தெரியாதவள். அங்கே என்ன கேட்டாள், எந்தப் பாஷையில் கேட்டாள் என்று தெரியாது. திரும்பி வந்து, "ரத்தின்னான்" என்றாள். பொட்டலம் மடிக்கிற பழைய பேப்பருக்குப் போட்டாயிற்று என்று அர்த்தம். பம்பாயில் எல்லாருக்கும் தெரிந்த வார்த்தை அது.

அன்றிலிருந்து வீட்டுக்கு வருகிற ஒவ்வொரு பொட்டலத்தையும் அம்மாதான் பிரிப்பாள். கடுகு, சீரகம், வேர்க்கடலை, எதுவானாலும் சாமானைக் கொட்டிவிட்டுக் காகிதத்தை நீவி இரண்டு பக்கமும் பார்ப்பாள். எழுத்துத் தெரியாதவளுக்குச் சிவப்புக் கோடு தெரியும். அப்பா காலமான பிறகும், தாராவியை விட்டு நாங்கள் இந்தச் செம்பூர்ப் பக்கம் வந்த பிறகும் பார்த்தாள். அப்புறம் கடைகளில் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுக்க ஆரம்பித்தார்கள். பிரித்துப் பார்க்க ஒன்றும் இல்லாமல் போயிற்று.