எதிர்ப்பக்கம் ஓடிய ஒன்பது பேர்

காணும் பொங்கலன்று எங்கள் பக்கம் நடக்கும் சாலை ஓட்டத்தில் பெண்களுக்கு ஐந்து கிலோமீட்டர் என்று நோட்டீசில் இருக்கும். ஆள்தான் இருக்காது. போன வருடம் நான் ஒருத்திதான் ஓடினேன். முதலிடமும் எனக்கே, கடைசி இடமும் எனக்கே. இந்த வருடம் பெயர் கொடுக்கப் போனபோது விழாக் குழுத் தலைவர் நோட்டீசின் மாதிரித் தாளைக் காட்டினார். அவர் சொந்தமாக அச்சகம் நடத்துபவர். பெண்கள் ஓட்டம் இருந்த வரியில் கோலப்போட்டி வந்திருந்தது.

"ஒரு ஆளுக்காக எம்புட்டு நேரம் ரோட்டை அடைச்சு வைக்கச் சொல்லுதீக?" என்றார். அவர் கோபமாகக் கேட்கவில்லை.

அரை மணி நேரம் பேசியதில் ஒரு முடிவுக்கு வந்தோம். பத்துப் பெண்கள் ஓட வேண்டும். பத்துப் பேரும் நாற்பத்தைந்து நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். முடித்தால் பெண்கள் ஓட்டம் அடுத்த வருடமும் உண்டு. இல்லையென்றால் கோலம் மட்டும்.

நான் ஆமத்தூர் பக்கம் ஒரு பட்டாசுத் தொழிற்சாலையில் பாதுகாப்பு மேற்பார்வையாளர். வேதிப் பொறியியல் படித்தேன். வேலை முழுக்கப் பட்டியல்கள்தான். ஒரு அறைக்கு எத்தனை பேர், எந்தக் கதவுக்கு முன்னால் பெட்டி கிடக்கிறது, உராய்ந்தால் பொறி தட்டும் பாலியெஸ்டரை யார் உடுத்தி வந்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, யாரும் உள்ளே ஓடக் கூடாது. வெடிமருந்து இருக்கும் இடத்தில் வேகநடைகூடத் தப்பு. அதை நாள் முழுக்கச் சொல்லும் நானே சாப்பாட்டு நேரத்தில் ஓட்டத்துக்கு ஆள் கேட்டுப் போனேன்.

"உள்ள ஓடினா ஏசுதீக, வெளிய ஓட வரச் சொல்லுதீக. ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்க மேடம்" என்றார் மருந்து நிரப்பும் பிரிவில் ஒரு அக்கா. சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களில் எட்டுப் பேர் பெயர் கொடுத்தார்கள். திரி வெட்டும் பிரிவில் இருக்கும் மூத்த அக்காவும் அதில் ஒருவர். ஐம்பதை நெருங்குகிறவர். பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் சில வருடங்களுக்கு முன் நடந்த விபத்தின் தழும்பு அவர் முழங்கை வரை இருக்கிறது. என்னையும் சேர்த்து ஒன்பது. பத்தாவதாக லேபிள் ஒட்டும் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண் வந்தாள். சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது.

ஒரு மாதம் வேலை முடிந்ததும் பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தோம், கொஞ்சம் ஓடினோம். கடிகாரத்தோடு பார்த்ததில் மூத்த அக்காவுக்கு நாற்பத்து நான்கு நிமிடம் ஆனது. மற்றவர்கள் அதற்கு நன்றாகவே முன்னால். ஒரு நிமிடம் கையில் இருக்கிறது என்று எழுதிக்கொண்டேன்.

ஓட்டத்தன்றைக்கான என் பட்டியலில் பதினேழு வரிகள். ஊக்கு, குளுக்கோஸ், பிளாஸ்திரி, மாற்று ஷால், வேன் டிரைவரின் நம்பர். ஓட்டத்தை எப்படித் தொடங்கி வைப்பார்கள் என்ற கேள்வி அதில் இல்லை. போன வருடம் கொடி அசைத்தார்கள். இந்த வருடமும் அதுதான் என்று இருந்துவிட்டேன்.

காலை ஆறரை மணிக்குக் கோட்டில் நின்றோம். முன்னால் ஆண்கள், அவர்கள் முதுகுக்குப் பின்னால் நாங்கள். தலைவர் மைக்கில் பேசி முடித்தார். கொடி தெரிகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோட்டுக்கு முன்னால், இடதுபக்கத் தரிசில் ஒற்றை வெடி வெடித்தது.

வெடிச் சத்தம் எங்களுக்குப் புதிதல்ல. தொழிற்சாலையில் தினமும் வெடித்துச் சோதிப்பார்கள். மணி அடித்துச் சொல்லிவிட்டுத்தான் வெடிப்பார்கள். சொல்லாமல் வருகிற ஒற்றைச் சத்தத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை ஒவ்வொரு மாதமும் முதல் திங்களன்று நான் பழக்கி வந்தேன். கையில் இருப்பதை விடு. சத்தத்துக்கு எதிர்ப்பக்கம் ஓடு. மரத்தடியில் வரிசையாக நில். எண்ணி முடிக்கும் வரை நகராதே.

அப்படியே செய்தோம். நானும்தான். ஆண்கள் முன்னால் பாய, நாங்கள் பின்பக்கம் ஓடினோம். ஊர் நுழைவு வளைவைத் தாண்டி ஒரு புளியமரம் இருந்தது. அதன் அடியில் அறை எண் வாரியாக வரிசை கட்டி நின்றோம். ஜனங்கள் சிரிக்கும் சத்தம் பிறகுதான் காதில் விழுந்தது. ஆனால் என் கை அதற்குள் எண்ணத் தொடங்கியிருந்தது.

ஒன்பது.

மறுபடி எண்ணினேன். ஒன்பதுதான். அது ஓட்டப் பந்தயம் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அப்படியும் மூன்றாவது முறை எண்ணினேன். என் வேலையில் ஒன்று குறைவதைவிடப் பெரிய பயம் கிடையாது. யார் இல்லை என்று கேட்டேன். மூத்த அக்காதான் சாலையைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"அந்தா போறா பாருங்க, லேபிள்காரி."

தூரத்தில், ஆண்கள் கூட்டத்தின் வாலில், ஒரு மஞ்சள் ஷால் போய்க்கொண்டிருந்தது. அவள் வேலைக்குச் சேர்ந்தபின் வந்த ஒரே முதல் திங்களன்று லீவில் இருந்தாள். பயிற்சி பெறாத ஒரே ஆள் சரியான பக்கம் ஓடியிருந்தாள்.

முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். மூத்த அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "சத்தங் கேட்டு ஓடி வந்து சிரிச்சுக்கிட்டு நின்னது இன்னைக்குத்தான் பாப்பா" என்றார். தொழிற்சாலைக்குள் அவர் என்னை மேடம் என்றுதான் கூப்பிடுவார்.

இப்போது நேரத்தைப் பார்த்தேன். மூன்றரை நிமிடம் போயிருந்தது. போகலாம் என்று நான் சொன்ன பிறகே வரிசை கலைந்தது.

என் சொந்த நேரத்தை அன்று நான் பார்க்கவில்லை. இருபத்தெட்டு நிமிடத்துக்குள் ஓட வேண்டும் என்று ஆறு மாதமாக விடிகாலையில் பயிற்சி எடுத்திருந்தேன். ஏழு பேரை முன்னால் போகச் சொல்லிவிட்டு மூத்த அக்காவோடு ஓடினேன். இரண்டு மின்கம்பம் ஓட்டம், ஒரு கம்பம் நடை. திரும்பும் இடத்தில் தண்ணீர் கொடுத்தார்கள். அவர் நிற்காமல் தலையில் ஊற்றிக்கொண்டார். நான்காவது கிலோமீட்டரில் பேச்சு நின்றது. கடைசிக் கிலோமீட்டரில் மின்கம்பக் கணக்கை அவரே கைவிட்டு ஓட்டமாகவே வந்தார். பயிற்சியில் அப்படி ஓடியதே இல்லை.

கோட்டைத் தொட்டபோது தலைவரின் கடிகாரத்தில் நாற்பத்தேழு நிமிடம். இரண்டு நிமிடம் அதிகம். எட்டுப் பேர் ஏற்கெனவே வந்து காத்திருந்தார்கள். லேபிள்காரி முதல் பரிசுக் குடத்தை இடுப்பில் வைத்திருந்தாள்.

நான் தலைவரிடம் போனேன். ஓடி வரும்போதே மூன்று வாதங்களை அடுக்கி வைத்திருந்தேன். எங்கள் ஓட்டம் மூன்றரை நிமிடம் தாமதமாகத்தான் தொடங்கியது என்பது முதல் வாதம். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் கையைக் காட்டி நிறுத்தினார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"நீங்க அந்த மரத்தடியில நின்னு எண்ணுனீகளே, பாத்துக்கிட்டுதான் இருந்தேன்" என்றார். கடிகாரத்தைச் சட்டைப் பையில் போட்டார். "வெடி வச்சது எங்க தப்பு. அடுத்த வருசம் விசில் ஊதுதோம். பொம்பளைக முன்னால நில்லுங்க."

அடுத்த வருசம் என்று அவர் வாயால் சொன்னதைச் சரிதானே என்று இரண்டாவது முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். நோட்டீஸ் அடிப்பதற்கு முன்பு எனக்கு ஒரு நகல் காட்டுவதாகவும் ஒப்புக்கொண்டார்.

திரும்பும் வேனில் சண்டை. திரும்பி ஓடாமல் இருந்திருந்தால் குடம் யாருக்கு என்பதுதான் விஷயம். இரண்டாவதாக வந்தது மருந்து நிரப்பும் பிரிவு அக்கா. "நாங்க ஓடுனது அஞ்சு கிலோமீட்டருக்கு மேலல்லா" என்று அவர் சொல்ல, லேபிள்காரி குடத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "பின்ன திரும்பி ஓடச் சொல்லி யாரு சொன்னா?" என்றாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

மூத்த அக்கா அந்தச் சண்டையில் சேரவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு காலைத் தூக்கி மடியில் வைத்துப் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெறுங்காலில்தான் ஓடியிருந்தார், பெருவிரல் தோல் உரிந்திருந்தது. பிளாஸ்திரி ஒட்டிவிட்டேன்.

"ஞாயித்துக்கிழமை சிவகாசிக்கு வாரீகளா பாப்பா?" என்றார். "ஷூ வாங்கணும். எனக்கு அளவு தெரியாது."