கடைசிப் பாகம் அன்று எனக்குச் சடங்கு

போன சனிக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தேன். டீ வந்து சேர்வதற்குள் எதிர் நாற்காலியில் ஒருவர் வந்து அமர்ந்தார். ஐம்பது வயது இருக்கும். கையில் இந்தப் பத்திரிகை!

"மேடம், நீங்கதானே இதுல வாராவாரம் எழுதுறது? போட்டோவுல கொஞ்சம் குண்டா தெரியுறீங்க."

நன்றி சொன்னேன். வேறென்ன சொல்ல?

அவருக்கு ஒரு மகள். பதினைந்து வயது. நன்றாகப் படிக்கிற பெண்தான். ஆனால் நேரம் கிடைத்தால் போதும் – வீசிடியில் ஜப்பான் கார்ட்டூன். அறைச் சுவர் முழுக்க முட்டைக்கண் படங்கள்.

"இன்னும் சின்னப் புள்ளயா மேடம் அவ? இதெல்லாம் பாத்தா மூளை வளருமா? நாளைக்கு ஒருத்தன் வீட்டுக்குப் போய் எப்படிக் குடும்பம் நடத்துவா? நீங்க ஒரு கட்டுரை எழுதுங்க. பேப்பர்ல வந்தாத்தான் கேப்பா."

"கண்டிப்பா எழுதுறேன் அண்ணே," என்றேன்.

இதோ, எழுதிக்கொண்டிருக்கிறேன். அவர் கேட்டது இதுதானா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

ஏனென்றால் நானே ஒரு ஜப்பான் கார்ட்டூன் ரசிகை. பத்து வயதிலிருந்து. இந்தப் பத்தியில் இதுவரை எத்தனையோ விஷயங்களை உளறியிருக்கிறேன். இதை மட்டும் சொன்னதில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று தெரியும்.

இடைநிலைப் பள்ளியில் ஓர் ஆசிரியை என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் நான் வரைந்திருந்த படங்களைப் பார்த்துவிட்டு, "இதுக்கு அப்புறம் உனக்குப் படிப்பு எங்க வரும்?" என்றார். கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி, சின்ன வயதில் எனக்கு ஏதாவது காய்ச்சல் வந்து மூளையைப் பாதித்ததா என்று அக்கறையாக விசாரித்தாள். வேலைக்கு வந்த இடத்தில் ஒருவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஓ... நீங்க அந்த மாதிரி படமெல்லாம் பார்ப்பீங்களா?" என்று கண்ணடித்தார்.

ஒன்று, நாங்கள் வளராத குழந்தைகள். இல்லையென்றால் கெட்டுப்போனவர்கள். நடுவில் ஓர் இடமே கிடையாதா?

இருக்கிறதா என்று நானும் ரொம்ப நாள் தேடியிருக்கிறேன். அந்தத் தேடல் தொடங்கியது என் பதின்மூன்றாவது வயதில்.

அப்போது எங்கள் வீடு கிள்ளானில், மேருவுக்குப் போகும் சாலையை ஒட்டிய ஒரு தாமானில், வரிசை வீட்டுக் குடியிருப்பில், இருந்தது. அப்பா துறைமுகத்தில் லோரி ஓட்டினார். அம்மாவுக்கு ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. அடுத்த வீட்டுச் சீனக் குடும்பத்தில் சியூ லான் – என் வயது, என் வகுப்பு, என்னைப் போலவே பைத்தியம்.

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு டிவியில் ஒரு ஜப்பான் தொடர் வரும். மலாய் பேசும் ஜப்பான்காரர்கள்! விண்வெளியில் ஒரு பழைய சரக்குக் கப்பல். அதை ஓட்டிக்கொண்டு கிரகம் கிரகமாகப் போகும் நான்கு பேர். அதில் சிவப்புத் தொப்பி போட்ட ஒரு மெக்கானிக் பையன். எனக்கும் சியூ லானுக்கும் அவன்மேல் ஒரே நேரத்தில் காதல். அதனால் எங்களுக்குள் சண்டை எதுவும் வரவில்லை. பேசி வைத்துக்கொண்டோம் – ஒரு வாரம் அவளுக்கு, ஒரு வாரம் எனக்கு.

அந்தத் தொடர் முடிய மூன்று வாரம் இருக்கும்போது நான் வயதுக்கு வந்தேன்.

ஜெஞ்சாரோமிலிருந்து அத்தை, அப்பாவின் அக்கா, அன்றைக்கே பஸ் ஏறி வந்துவிட்டார். வந்ததும் என்னைப் பின்னறைக்குள் உட்கார வைத்தார். தட்டு தனி, பாய் தனி. காலையில் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும். மத்தியானம் உளுந்தங்களி. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். சனிக்கிழமை வந்தது. ஐந்து மணிக்கு மெதுவாக எழுந்து ஹாலுக்குப் போனேன்.

"ஏய் புள்ள! எங்க போற?"

"டிவி பாக்க, அத்தை."

"என்னா டிவி?"

"கார்ட்டூன்..."

அத்தை அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அம்மா சுவரைப் பார்த்தார்.

"வயசுக்கு வந்த பொண்ணு பொம்மைப் படம் பாக்குமா? இனிமே அதெல்லாம் கெடையாது. அதுவும் முட்டக்கண்ணு சீனப் படம்."

"ஜப்பான் படம் அத்தை."

"எந்தக் கருமமா இருந்தா என்ன? போ உள்ள."

அந்த வாரத்துக் கதையையும் அடுத்த வாரத்துக் கதையையும் சியூ லான் பின்பக்க ஜன்னலில் நின்று சொன்னாள். அவள் நன்றாகவே சொன்னாள். கப்பலில் எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது. இயந்திரம் பழுது. நான்கு பேரும் வீடு போய்ச் சேருவார்களா? அடுத்த சனிக்கிழமை தெரிந்துவிடும்.

அந்தச் சனிக்கிழமைதான் என் சடங்கு. நல்ல நேரம் நான்கரை முதல் ஆறு!

மறு ஒளிபரப்பா? அப்படி எதுவும் கிடையாது. வீடியோ ரெக்கார்டர் எங்கள் வரிசையில் யார் வீட்டிலும் இல்லை. விட்டால் விட்டதுதான்.

வெள்ளிக்கிழமை மாலை அப்பா வந்து அறை வாசலில் திரைக்கு அந்தப் பக்கம் நின்றார். இரண்டு வாரமாக அவர் என்னிடம் சரியாகப் பேசியிருக்கவில்லை. என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

"பாப்பா... நாளைக்கு அப்பா உனக்கு என்னா வாங்கித் தரட்டும்? தோடா, கொலுசா?"

"ஒண்ணும் வேணாம்பா. நாளைக்கு அஞ்சு மணிக்குக் கடைசிப் பாகம். சியூ லான் வீட்டுல போய்ப் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்றீங்களா?"



"நானா?"

"சியூ லான் சொல்லுவா. ஆனா அவ அழுதுகிட்டே சொல்லுவா. எனக்கு ஒழுங்காத் தெரியணும்."

"ஆளுங்க வர்ற நேரம்லா அது..."

சொல்லிக்கொண்டே வாசல் பக்கம் போய்விட்டார். நானும் நம்பிக்கையை விட்டுவிட்டேன்.

மறுநாள் டிவியை அடுப்படிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அது இருந்த இடத்தில் நாற்காலி போட்டு, பின்னால் ஜிகினாத் திரை கட்டி, பட்டுச்சேலையும் மாலையுமாக என்னை உட்கார வைத்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பார்த்ததும் அடுத்த ஆள் வந்து பார்த்தார். ஒவ்வொருவராக மஞ்சளும் சந்தனமும் பூசினார்கள். சுவர்க் கடிகாரத்தில் ஐந்து மணி ஆனபோது என் கன்னத்தில் ஐந்தாறு பேரின் சந்தனம் காய்ந்து இழுத்துக்கொண்டிருந்தது.

ஐந்து பத்துக்கு மாமா கேட்டார். "மச்சான் எங்க? ஆளயே காணோம்?"

தேடினார்கள். வாசல் பந்தலில் இல்லை. சமையல் இடத்தில் இல்லை. லோரி மட்டும் சாலையோரத்தில் நிற்கிறது. அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. "இன்னிக்கின்னு பாத்து எங்க போய்த் தொலைஞ்சாரு இந்த மனுஷன்?" நான் தலை குனிந்துகொண்டேன். வெட்கப்படுகிறேன் என்று யாரோ பாராட்டினார்கள்.

ஐந்தரைக்குக் கொஞ்சம் பிறகு அப்பா வந்தார். சியூ லான் வீட்டுப் பக்கமிருந்து. கண் இரண்டும் சிவந்திருந்தன. அத்தை பிடித்துக்கொண்டார்.

"எங்கடா போன? கண்ணு ஏன் இப்படி இருக்கு?"

"சாம்பிராணிப் புகை," என்றார் அப்பா. சாம்பிராணி போட்ட வீட்டில் அவர் அதுவரை இருக்கவே இல்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை.

கூட்டம் கலைந்ததும் ஒரு தட்டில் கேசரியோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.  அவராகவே ஆரம்பித்தார்.

"நல்லாத்தான் முடிச்சிருக்கான் பாப்பா. இஞ்சின் ரிப்பேர் ஆச்சா... தொப்பிக்காரப் பையன் வெளிய எறங்கி சரி பண்ணான். கயிறு போட்டு இழுத்துட்டாங்க. எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டாங்க. அவன் அம்மா கையால வயிறாரச் சோறு சாப்பிட்டான்."

"அவனுக்கு அம்மா இல்லியேப்பா. மொத பாகத்துலயே செத்துட்டாங்க."

அப்பா கேசரியைக் கொஞ்சம் கிளறினார்.

"அப்ப சித்தியா இருக்கும்."

திங்கட்கிழமை பள்ளி பஸ்ஸில் சியூ லான் உண்மையைச் சொன்னாள். பழுதைச் சரிசெய்ய வெளியே போனவன் கதவை வெளியிலிருந்தே மூட வேண்டியிருந்தது. மூடினான். கப்பல் போய்விட்டது. சிவப்புத் தொப்பி மட்டும்தான் வீடு வந்து சேர்ந்தது. "உங்க அப்பா சட்டையைத் தூக்கி முகத்தைத் துடைச்சிக்கிட்டாரு. என் அம்மா தண்ணி கொண்டாந்து குடுத்தாங்க," என்றாள். இதையெல்லாம் மலாயில் சொன்னாள், சொல்லும்போதே அழுதாள். அன்று அவன் யாருடைய வாரம் என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

சாயங்காலம் அப்பா லோரி டயர்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நேராகப் போய் நின்றேன்.

"தொப்பி மட்டும்தான் வந்துச்சாமே?"

அவர் நிமிரவில்லை. "யாரு சொன்னா?"

"ஏம்ப்பா பொய் சொன்னீங்க?"

"விசேஷ வீடு பாப்பா. அன்னிக்குப் போய் யாராச்சும் சாவு சேதி சொல்வாங்களா?"

எனக்குக் கோபம் குறையவில்லை. அவரே தொடர்ந்தார். "சின்னப் புள்ளைங்க படம்னு நெனச்சித்தான் உக்காந்தேன். அதுல போய் அந்தப் பையன கொன்னு போடுவானுங்கன்னு எனக்கு என்னா தெரியும்? அத உங்கிட்ட எப்படிச் சொல்றது? நீ சின்னப் புள்ள."

"சின்னப் புள்ளன்னா எதுக்கு எனக்குப் பட்டுச்சேல கட்டினீங்க? எதுக்கு ஊரக் கூப்பிட்டு சோறு போட்டீங்க?"

அப்பா அடுத்த டயரைத் தட்டினார். 

யோசித்துப் பாருங்கள். அந்தப் படம் பார்க்கும் வயதை நான் தாண்டிவிட்டேன் என்றார் அத்தை. அந்தப் படத்தின் முடிவைத் தாங்கும் வயது எனக்கு வரவில்லை என்று நினைத்தார் அப்பா. ஒருவர் திட்டினார், ஒருவர் பாசத்தில் பொய் சொன்னார். ஆனால் இரண்டு பேர் மனதிலும் இருந்தது ஒரே எண்ணம்தான் – வரைந்த படம் என்றால் குழந்தைக்கு. அதில் நான் எதைப் பார்க்கிறேன் என்று இருவரும் கேட்கவில்லை.

நான் பார்த்தது என்ன? அந்தக் கதையில் செத்தவர்கள் அடுத்த வாரம் எழுந்து வரமாட்டார்கள். நல்லவர்களுக்கும் எரிபொருள் தீர்ந்துபோகும். வேலைக்குப் போனவர்கள் களைத்துப்போய்த் திரும்பி வருவார்கள், யாரிடமும் பேசாமல் சாப்பிடுவார்கள். எங்கள் வீட்டைப் போலவே. இதை அன்று இவ்வளவு கோவையாகச் சொல்லத் தெரியவில்லை. "அது நெசம் மாதிரி இருக்குப்பா, அதனாலதான் பாக்குறேன்," என்று மட்டும் சொன்னேன்.

அப்பா டயர் தட்டும் கம்பியைக் கீழே வைத்தார். லோரி நிழலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"அந்தப் பையன் அம்மா எப்படிச் செத்தாங்க?"

"மொதல்லேருந்து சொல்லணுமா?"

"சொல்லு."

சொன்னேன். முதல் பாகத்திலிருந்து. கப்பல் எப்படி அவர்கள் கைக்கு வந்தது, கேப்டனுக்கு ஏன் ஒரு கை இல்லை, தொப்பி யார் கொடுத்தது... எல்லாம். அம்மா கொண்டுவந்து வைத்த காப்பி ஆறிப்போனது. நடுவில் அவர் இரண்டு கேள்விகள் கேட்டார். ஒன்று, அந்தக் கப்பல் எத்தனை டன் ஏற்றும்? இரண்டு, நாலு பேருக்கும் சம்பளம் யார் கொடுக்கிறார்கள்? நல்ல கேள்விகள். தொடரை எழுதியவர்களுக்கே பதில் தெரிந்திருக்காது.

முடிவையும் சொன்னேன். பிறகு அப்பா சொன்னார். "பாவம். நல்ல வேலக்காரன்."

அடுத்த சனிக்கிழமை அதே நேரத்தில் ஒரு புதுத் தொடர் தொடங்கியது. அத்தை அன்றும் வீட்டில் இருந்தார். ஐந்து மணிக்கு அப்பா வந்து டிவியைப் போட்டு எதிரே உட்கார்ந்தார். "நான் பாக்குறேன்க்கா," என்றார், யாரும் கேட்பதற்கு முன்பே. துவைத்த துணிகளை மடிக்க வேண்டும் என்று எனக்கு ஹாலில் அவசர வேலை வந்தது. அத்தை என்னைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார். வயதுக்கு வந்த பெண் பொம்மைப் படம் பார்க்கக்கூடாது என்று அவரிடம் சட்டம் இருந்தது. நாற்பது வயது லோரிக்காரர் பார்க்கக்கூடாது என்று இல்லை. ஐந்தரைக்கு அவரும் நாற்காலியை இந்தப் பக்கம் திருப்பிப் போட்டிருந்தார் என்று எழுத ஆசைதான். ஆனால் நடந்தது அதுவல்ல. தலையில் அடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

நான் கல்லூரிக்குப் போகும்வரை அப்பாவும் நானும் எத்தனையோ தொடர்கள் பார்த்தோம். வீட்டுக்கு வெளியே அதைப் பற்றி அவர் மூச்சுவிட்டதில்லை. நான் வாங்கிய ஏச்சு எல்லாம் அவருக்குத் தெரியும். தனக்கு அதில் பங்கு வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். அது எனக்கு அப்போது வருத்தம்; இப்போது இல்லை. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு இத்தனை வருடம் நானே வாயைத் திறக்கவில்லையே!

அவரோடு லோரி ஓட்டிய ஓர் அங்கிளைச் சமீபத்தில் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் அப்பா எந்த லோடையும் ஏற்றமாட்டார், அவசர அவசரமாக வீட்டுக்குக் கிளம்பிவிடுவார் என்று சிரித்தார்.

"கேட்டா, வீட்டுல டியூஷன் இருக்குன்னு சொல்வாரும்மா."

யாருக்கு டியூஷன் என்று ஒருவரும் கேட்கவில்லையாம்.