அனுப்பத் தயங்கியவர்

ஜார்ஜ் டவுனில் என் மாமியாரை மருத்துவமனையில் சேர்த்திருந்தபோது, வார்டு வாசலில் என் பக்கத்து நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பாலத்துக்கு அந்தப் பக்கம் பிறையில் உள்ள தொழிற்சாலை ஒன்றின் சீருடைச் சட்டை, மழிக்காத முகம். கைப்பேசியில் எதையோ எழுதி, விரல் வைத்து முணுமுணுத்துப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

“அண்ணே, இதுல எழுத்துப்பிழை இருக்கான்னு பாருங்க.”

‘அப்பா கஞ்சி குடித்தார்’ என்றிருந்தது. சரியாக இருக்கிறது என்றேன். அப்படியும் அவர் அனுப்பவில்லை.

“முந்தாநாள் குடும்பக் குரூப்புல ‘அப்பா நல்லா இருந்தாரு’ன்னு எழுதினேன். அவசரத்துல ‘இறந்தாரு’ன்னு போயிருச்சி. உடனே எல்லாரும் அனுதாபம் போட்டுட்டாங்க. எங்க அக்கா சுங்கை பாக்காப்ல இருந்து அழுதுகிட்டே காடி ஓட்டி வந்துச்சி.”

“‘நல்லா இறந்தாரு’ன்னு யாராவது எழுதுவாங்களா? ஒருத்தரும் கேக்கலையா?”

“எல்லாருமே தப்பும் தவறுமாத்தானே எழுதுறோம் லா. ‘நல்லா’தான் தப்புன்னு நெனச்சிட்டாங்க.”

அப்போது அக்காவே அழைத்தார். “இருக்காரு அக்கா, கஞ்சி குடிச்சாரு” என்று இவர் திரும்பத் திரும்பச் சொல்லியும் அவர் அடங்கவில்லை. இவர் எழுந்து வார்டுக்குள் ஓடி, ஸ்பீக்கரைப் போட்டு அப்பாவின் வாயருகே கைப்பேசியைப் பிடித்தார்.

“ஏதாச்சும் பேசுங்கப்பா.”

பெரியவர் மூச்சு வாங்கியபடி, “கஞ்சியில உப்பே இல்ல” என்றார்.

அக்காவின் அழுகை வாசல்வரை கேட்டது.

அந்தப் பெரியவர் வீடு திரும்பினாரா என்று எனக்குத் தெரியாது. அதன் பிறகு தம்பி எழுதிய எந்தச் செய்தியையாவது அந்த அக்கா நம்பியிருப்பாரா என்றுதான் இன்னும் கவலையாக இருக்கிறது.