துப்பாத வாய்

தறிக்குப் பக்கத்தில் பீடி பற்றவைக்கக் கூடாது. ஒரு பொறி விழுந்தால் பட்டு போச்சு. ஆரணியில் இதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் அக்கா வீட்டுக்காரர் வீரபாகு பீடியைத் தொட்டதே இல்லை. அதற்குப் பதிலாகக் கன்னத்தில் புகையிலையை அடக்கிக்கொள்வார். துப்ப வேண்டுமென்றால் தறிக்குழியிலிருந்து ஏறி வெளியே போக வேண்டும், வேலை கெடும். உட்கார்ந்த இடத்தில் துப்பினால் தறியில் கட்டிய பாவு நூலில் தெறிக்கும். ஆகவே சாற்றை விழுங்கிவிடுவார். "வீரபாகு பொடவையில ஒரு பொட்டு கறை காட்டு பாக்கலாம்" என்று முதலாளி நாலு பேர் முன்னால் சொல்வார். மனிதர் அதைக் கேட்டுப் பூரித்துப்போவார்.

டீயும் அப்படித்தான். ஆற வைத்துக் குடிக்கப் பொறுமை கிடையாது. கொதிக்கக் கொதிக்க ஊற்றிக்கொண்டு குழிக்குத் திரும்பிவிடுவார்.

அவருடைய அப்பாவும் பெரியப்பாவும் தொண்டை அடைத்துத்தான் செத்தார்கள். இரண்டு பேரும் அதே புகையிலையோடு தறியில் உட்கார்ந்தவர்கள். ஆனால் அந்த வீட்டில் அதற்கு வியாதி என்று பெயரில்லை. 'கண்டம்' என்பார்கள். எந்த ஜோசியரோ சொல்லிவிட்டுப் போன வார்த்தை.

"எங்க வம்சத்துக்கே கண்டம் கீது மச்சான். பொகையிலைய வுட்டா மட்டும் அது போயிடுமா?" என்பார் என்னிடம். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். புகையிலையைக் காப்பாற்றத்தான் அது பயன்பட்டது.

இரண்டாயிரத்து ஒன்றில் அவர் மகள் தேவிப்ரியாவுக்குக் களம்பூரில் இடம் அமைந்தது. ரைஸ் மில்லில் சூப்பர்வைசர் வேலை பார்க்கும் பையன். அதே சமயத்தில் மாமாவுக்குச் சோறு இறங்காமல் போனது. ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடித்தார். பிறகு ரசம் சாதமே நின்று நின்று போனது.

"வேலூருக்குப் போயி காட்டலாம் மாமா, ஜல்தியா கெளம்புங்க" என்றேன். அக்கா என்னைத் தோட்டத்துப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"வாய மூடிகினு இருடா. களம்பூர்காரங்க காதுல வுழுந்தா வம்ச வியாதின்னு பொண்ண வேணான்னுடுவாங்க. கல்யாணம் முடியட்டும், நானே இட்டுகினு போறேன்."

"அதுக்குள்ள அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"எம் பொண்ணு வாழாம நின்னா மட்டும் அவருக்குச் சோறு எறங்கிடுமா?"

மாமாவைக் கேட்டால் அவரும் அதையேதான் சொன்னார். நிச்சயதார்த்தத்தில் சம்பந்தி மாணிக்கவேல் பக்கத்தில் அவரை உட்காரவைத்தார்கள். கேசரி வைத்தார்கள். வாயில் போட்டவர் வெகுநேரம் உருட்டினார், கண் கலங்கியது. கைகழுவுகிற சாக்கில் கொல்லைப்பக்கம் ஓடினார். ஆயுள் முழுக்கப் புகையிலைச் சாற்றை விழுங்கிய மனிதர் அன்றைக்கு ஒரு வாய்க் கேசரியைத் துப்பினார். யார் கண்ணிலும் படாமல் நான்தான் மண்ணைத் தள்ளி மூடினேன்.

நடுவில் ஆடி வந்தது, பிறகு மண்டபம் கிடைக்கவில்லை. தையில்தான் கல்யாணம். மாமாவுக்குச் சட்டை தொளதொளவென்று தொங்கியது. கேட்டவர்களிடம் சுகர் என்று சொன்னார்கள். சுகருக்காக யாரும் பெண் வேண்டாம் என்பதில்லையே.

மாசியில் வேலூருக்குக் கூட்டிப்போனோம். குழாய் விட்டுப் பார்த்தார்கள். உணவுக் குழாயில் புற்று. டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டார். புகையிலை எவ்வளவு நாளாக, சாற்றை என்ன செய்வீர்கள், டீ எவ்வளவு சூடாக, வீட்டில் வேறு யாருக்காவது இருந்ததா. அக்கா கண்டத்தைப் பற்றிச் சொன்னாள்.

"சொந்தத்துல இருந்தா வர்றதுக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்தாம்மா. ஆனா எல்லாரும் ஒரே பழக்கம் வெச்சிகிட்டு ரத்தத்த மட்டும் குத்தம் சொல்ல முடியுமா? அப்பாவுக்கு வந்ததப் பாத்தப்பவே இவரு பொகையிலைய நிறுத்தியிருக்கணும். தொண்டை அடைச்சதும் வந்திருந்தாலாவது ஆபரேஷன் பண்ண முடியுமான்னு பாத்திருக்கலாம்" என்றார். அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை.

பால்கூட இறங்காமல் ஆனியில் போய்விட்டார்.

கருமாதி முடிந்த அன்று அக்காவால் அடக்க முடியவில்லை. சம்பந்தி முன்னால் போய் நின்றாள். "ஒங்ககிட்ட மறைச்சிட்டோங்க. அவங்கப்பாவுக்கும் இதேதான். எம் பொண்ண கொறையா நெனச்சிடாதீங்க" என்று அழுதாள்.

மாணிக்கவேலின் முகம் தெளிந்தது. பெரிய பாரத்தை இறக்கிவைத்தவர் மாதிரி பேசினார்.

"இதுக்குப் போயி மறைச்சீங்களா? எங்கப்பாவும் கஞ்சி எறங்காமத்தான் செத்தாரு. எந்தம்பிக்கு ரெண்டு வருசமா அதுக்குத்தான் மருந்து பாத்துகினு இருக்கோம். தெரிஞ்சா நீங்க பொண்ணு குடுக்க மாட்டீங்கன்னு நாங்களும் மூச்சு வுடலயே!"

அந்த ஆளை அறைய வேண்டும் போலிருந்தது எனக்கு. அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எதற்காகப் புருஷனை அத்தனை மாதம் பட்டினி போட்டு மறைத்தாள்?

முழுகாமல் இருந்த தேவிப்ரியா உள்ளேயிருந்து வந்தாள்.

"அப்போ எம் புள்ளைக்கு, மாமா?" என்று மாமனாரைப் பார்த்துக் கத்தினாள்.

அவர் அவசரமாக வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"மெதுவா பேசும்மா. ஒன் நாத்தனாருக்கு எடம் பாத்துகினு இருக்கோம்."