முதலில் நான் கேட்கணும்

நேற்று கைப்பேசியில் ஒரு செய்தி: நீங்கள் வாங்கிய ரத்த அழுத்தக் கருவி எப்படி இருக்கிறது, நட்சத்திரம் தாருங்கள். ஒன்றுதான் கொடுத்தேன். நாலு வார்த்தை எழுத இடம் விட்டிருந்தால் இரண்டு கொடுத்திருப்பேன். இந்தக் கோபம் எனக்குப் பழைய கோபம்.

அந்தக் காலத்தில் எனக்கு வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில். சால்டரிங் புகை தலைமுடியில் ஏறி, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைச் சுளிப்பார். கர்ப்பிணி வயிற்றில் வைத்தால் குழந்தையின் இதயத் துடிப்பு கேட்கிற கையடக்கக் கருவி செய்தோம். புது மாடலில் என்னென்ன வேண்டும் என்று டாக்டர்களைக் கேட்டு வர என்னை அனுப்பினார்கள். கடிக்கிற புதுச் செருப்போடு ஆவடி, பூந்தமல்லி என்று அலைந்தேன். ஒருவருக்கு நீல நிறம் வேண்டும். இன்னொருவருக்குத் திரையில் தன் பெயர் ஓட வேண்டும். எல்லாருக்கும் பெரிய ஸ்பீக்கர் வேண்டும். நானும் மகா பவ்யமாக எழுதிக்கொண்டேன், அசடு.

டாக்டர் ஒருவரும் கருவியைக் கையில் வாங்கிப் பார்க்கவில்லை என்பது குத்தம்பாக்கம் சுகாதார நிலையத்தில்தான் உறைத்தது. அங்கே தினமும் அதைப் பிடிக்கிற நர்ஸ் மல்லிகா சிஸ்டர், வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இயர்போன் மாட்ற ஓட்டை எங்க கண்ணு? துடிப்பு சிக்க சில நேரம் அஞ்சு நிமிசம் ஆவும். அதுவரிக்கும் கொர்ருனு வெறும் சத்தம் கேட்டுகினு கெடந்தா, அந்தப் பொண்ணு பயந்துகினு என் மூஞ்சியவே பாக்கும். மொதல்ல நான் கேக்கணும். அப்பால அவ கேக்கட்டும்.”

சிஸ்டர் சொன்னதை எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் சிவப்புப் பேனாவால் அடித்தார். “டாக்டர்களைத்தானே கேக்கச் சொன்னோம்? நர்ஸ் சொல்றதெல்லாம் இதுல வராதும்மா.”

எனக்கு வந்ததே ஆத்திரம். மறுநாள் கூட்டத்தில், முதலாளி முன்னால், கருவியை மேசையில் வைத்து முழுச் சத்தத்தில் போட்டேன். கொர்ர் என்று இரைந்தது. மேனேஜர் நெளிந்தார்.

“ஆஃப் பண்ணும்மா, தலை வலிக்குது.”

“இன்னும் ரெண்டு நிமிஷம்கூட ஆகல சார். உங்க வீட்டம்மா வயித்துல வெச்சிருக்குன்னு நெனச்சுக்குங்க.”

வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். போனால் போகட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். முதலாளி கை நீட்டிக் கருவியை அணைத்துவிட்டு, “ஓட்டை போடுங்க” என்றார்.

அந்தக் கம்பெனி இன்றில்லை. அந்த இடத்தில் கிடங்கு இருக்கிறது. போன மாதம் ஐயப்பன்தாங்கலில் ஒரு கிளினிக்குக்குக் கர்ப்பமாயிருக்கிற தங்கை மகளைக் கூட்டிப் போனேன். புதுக் கருவி, பளபளவென்று, டாக்டர்கள் கேட்டதெல்லாம் அதில் இருக்கிறது. நாங்கள் சண்டை போட்டு வாங்கிய ஓட்டை மட்டும் இல்லை. அங்கிருந்த நர்ஸ் சின்னப் பெண். இடது உள்ளங்கையால் ஸ்பீக்கரை இறுக்கிப் பொத்தி, காதருகே வைத்துக்கொண்டு, வலது கையால் வயிற்றில் தேடினாள். வெகுநேரம் தேடினாள். துடிப்பு கிடைத்த பிறகுதான் கையை எடுத்தாள்.